மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி

கப்பலில் அவருக்கு மேஸ்திரி என்று பெயர். கொத்து வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பட்டறையில் ஃபிட்டர். துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டுப் போடுவது, கசிகிற குழாயை மாற்றுவது, கதவு, ஏணி, தளத்தின் ஓரமெல்லாம் ஓடுகிற கைப்பிடிக் கம்பி என்று எது பழுதானாலும் பார்ப்பது அவர் வேலை. ஆனால் வாயைத் திறந்தால் வீடு கட்டுகிற பேச்சுதான். ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் நின்றவரைப் பார்த்துச் சமையல்காரர், "வாங்க மேஸ்திரி, இன்னைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்குச்சு?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. மேலதிகாரிகூட ஒருதடவை மறந்துபோய் ஒலிபெருக்கியில், "மேஸ்திரி உடனே பட்டறைக்கு வரவும்" என்று கூப்பிட்டுவிட்டார்.

அது ரோந்துக் கப்பல். துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் மாதக்கணக்கில் தண்ணீரைத் தவிர எதுவும் கண்ணில் படாது. சண்டை வந்தால் போடுவதற்காகப் போகிறவர்கள். சண்டை வருவதில்லை. பொழுதுதான் வருகிறது, வந்தால் போவேனா என்கிறது. அதைத் தள்ள ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சிலர் சீட்டாடினார்கள். சிலர் பார்த்த படத்தையே பார்த்து வசனத்தை முன்கூட்டியே சொன்னார்கள். ஒருவர் தூங்கினார், தூங்குவதற்காகவே பிறந்தவர் போல, எழுப்பினால் கோபித்துக்கொண்டு தூங்கினார். மேஸ்திரி வீடு கட்டினார்.

பட்டறையில் ஒரு பெரிய மேசை. மேற்பக்கம் முழுக்க இரும்புத் தகடு. வேலை ஓய்ந்த நேரத்தில் அதை எண்ணெய் போகத் துடைத்து, சாக்பீஸால் தன் வீட்டை வரைவார். முன்னறை, சமையலறை, அதன் பின்னால் குளியலறை, கொல்லைப்புறத்திலிருந்து மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு. அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மேசை பளபளவென்று இருக்க வேண்டும், அதனால் அழித்துவிடுவார். அவர்கள் போனதும் மறுபடி முதலிலிருந்து வரைவார். அழித்து அழித்து வரைந்ததில் வீடு மனப்பாடமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று மேம்பட்டது. ஒரு அலமாரி உயர்ந்தது, ஒரு ஜன்னல் நகர்ந்தது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேலையிலும் இறங்கினார்கள். எலக்ட்ரீஷியனை எல்லோரும் கரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் மேசையில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு சுவிட்ச் வெச்சிடலாம் மேஸ்திரி. அண்ணி அடுப்பை விட்டு நகராமலே லைட்டைப் போட்டுக்கலாம்" என்பான்.

"அடுப்பே அங்க இல்லைடா" என்பார் சமையல்காரர். "ஜன்னலுக்கு நேரா அடுப்பை வெச்சா காத்துல அணைஞ்சு அணைஞ்சு போகும். நீ எந்தக் காலத்துல சமைச்ச?"

"நீங்க சமைக்கிறதைத்தான் தினமும் சாப்பிடறமே, அந்தத் தைரியத்துல சொல்றேன்."

இப்படி அந்த வீட்டில் பலர் குடியிருந்தார்கள். தன் சொந்த வீட்டில் எந்தப் பக்கம் கிழக்கு என்று தெரியாதவனுக்குக்கூட மேஸ்திரி வீட்டுச் சமையல் மேடை எத்தனை உயரம் என்று தெரிந்திருந்தது.

நிஜமான வீடு வேறு மாதிரி இருந்தது. விடுமுறையில் ஊர் போய் இறங்கிய மறுநாளே சுத்தியலை எடுத்துவிடுவார். மாதக்கணக்கில் மனதில் கட்டியதைச் சில வாரங்களுக்குள் கையால் கட்டிவிட வேண்டும் என்ற வேகம். ஆனால் சிமெண்ட்டுக்குக் காய ஒரு காலம் வேண்டும், மழைக்குத் தோன்றினால் வந்துவிடும், இடித்த பிறகுதான் உள்ளே ஓடுகிற குழாய் தெரியும். வேலை பாதியில் நிற்கும்போது விடுமுறை முடிந்துவிடும். சமையல் மேடை ஒரு பக்கம் வழுவழுவென்றும் மறுபக்கம் செங்கல் பல்லிளித்துக்கொண்டும் நின்றது. அலமாரிக்குக் கதவில்லை. புது ஜன்னலுக்காக உடைத்த சுவரில் தகரம் சாத்தியிருந்தது. ஜன்னல் சட்டம் கொல்லையில் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் மிச்சமான ஜல்லி ஒரு குவியல்.

"வர்றவங்க எல்லாம், இது இடிச்ச வீடா கட்டற வீடான்னு கேக்கறாங்க" என்றாள் மனைவி ஒருமுறை. "ரெண்டும்தான், எங்க வீட்டுக்காரர் ஒரே நேரத்துல ரெண்டையும் பண்ணுவார்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கடைசியாக வந்த விடுமுறையில்தான் மாடிப்படியைக் கட்டினார். அதுவரை மரஏணிதான். மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பலகை அடைத்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டார். ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மறுபக்கம் திறந்த வெளி. அந்தத் திறந்த பக்கத்துக்குக் கைப்பிடி வைக்க வேண்டும். வைப்பதற்குள் கப்பல் கூப்பிட்டுவிட்டது.

"தெருமுனை வெல்டரைக் கூப்பிட்டு ஒரு கம்பி அடிச்சிடச் சொல்லட்டுமா?" என்று மனைவி போனில் கேட்டாள். "பாப்பா ஏறி இறங்கறா, பயமா இருக்கு."

"அவனா? அவன் வெல்டிங் எச்சில் துப்பின மாதிரி இருக்கும். அவனை உள்ள விடாத. அடுத்த லீவுல நானே பண்றேன்."

"அவரு வாசல்லதாங்க நிக்கறார், அளவெடுக்க."

"போகச் சொல்லு."

சொன்னாள். அவர் போய்விட்டார்.

இங்கே அந்தப் போனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பலில் போன் பேச ஒரு சின்னக் கூண்டு. வாரத்தில் ஒருநாள் அவரவர் முறை வரும். கூண்டுக்குக் கதவு உண்டு, ஆனால் சாத்தினால் மூச்சு முட்டும். அதனால் திறந்தே இருக்கும். வெளியே வரிசையில் நிற்பவர்கள் சுவரைப் பார்ப்பது போல நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்பார்கள். உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அங்கே நின்று சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? மேஸ்திரி அலமாரியைப் பற்றிப் பேசினார். "மேல் தட்டு உனக்கு எட்டணும். கையைத் தூக்கிப் பாரு, எவ்வளவு வருது?" என்பார். அவள் அங்கே கையைத் தூக்கிப் பார்ப்பாள். சுவரில் ஒரு புள்ளி வைத்து, "இவ்வளவு" என்பாள். அதைக் கொஞ்சல் என்று வரிசையில் நின்ற யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது என்னவென்று தெரியும்.

இந்தத் தடவை முழுக்க முழுக்கக் கைப்பிடிதான். படிக்கட்டின் சரிவுக்குச் சரியாக ஓடும் குழாய். கீழே நுனியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுருள், கை வைத்தால் வழுவழுவென்று இருக்கும்படி. திருப்பத்தில் ஒரு வளைவு. "அங்க வந்ததும் உன் கை தானா திரும்பிடும், பாரேன். கண்ணை மூடிட்டே ஏறலாம்" என்பார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். "குழாய் சில்லுனு இருக்குமா?" என்று ஒருநாள் கேட்டாள். "காலையில இருக்கும்" என்றார், தொட்டுப் பார்த்தவர் போல.

அந்தச் சமயத்தில் ஒருநாள் அவள் அவசரமாகப் பேசினாள். "சீக்கிரம் சொல்லுங்க, மாடியில துணி காயுது, மழை வர்ற மாதிரி இருட்டுது."

"சரி போ. பாத்து ஏறு. கைப்பிடியைப் பிடிச்சுக்க."

"எந்தக் கைப்பிடிங்க?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்று சாப்பிடும்போது அதுதான் பேச்சு. "மேஸ்திரி வீடு கட்டி முடிச்சுக் குடியே போயிட்டாரு. பாவம், அண்ணிக்குத்தான் இன்னும் சாவி கொடுக்கல" என்றான் கரண்டு. மேஸ்திரியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவர் முட்டாள் அல்ல, கவனமில்லாதவரும் அல்ல. கப்பலில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. தளத்தின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பியை ஒரு முழம் கழற்றினாலும் முதலில் அந்த இடத்தில் கயிறு கட்டிவிட வேண்டும். அதில் அவர் பேய். புதிதாக வந்த ஒருவன் கயிறு கட்டாமல் டீ குடிக்கப் போனபோது, டம்ளரோடு அவனை இழுத்து வந்து அந்த இடைவெளிக்கு முன் நிறுத்தினார்.

"கயிறு எங்கடா?"

"வந்து கட்டலாம்னு... ஒரு நிமிஷம்தானே அண்ணே."

"கழட்டினது நீ. இங்க கம்பி இல்லன்னு உனக்குத் தெரியும். பின்னாடி வர்றவனுக்கு எப்படிடா தெரியும்? இருக்குன்னு நெனைச்சு அவன் கை தானா போகும்டா. கீழ என்ன இருக்குன்னு எட்டிப் பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். கீழே தண்ணீர் கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் யாரும் கயிறு கட்ட மறக்கவில்லை. இதே மனிதர் தன் வீட்டுப் படியில் ஒரு கயிறு கட்டிவிட்டு வரவில்லை. கட்டத் தோன்றவேயில்லை. ஏன் என்று பிறகு பல தடவை யோசித்தார். அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

திரும்ப வேண்டிய மாதம் வந்தபோது ஒலிபெருக்கியில் கப்பல் தலைவர் பேசினார். பதிலுக்கு வர வேண்டிய கப்பல் பழுதாகிக் கிடக்கிறது, இன்னும் சில மாதம் இங்கேயே இருக்க வேண்டும், குடும்பங்களுக்குத் தகவல் போய்விடும் என்றார். சாப்பாட்டு அறையில் யாரோ தட்டைச் சுவரில் எறிந்தார்கள். தூங்குகிறவர் எழுந்து உட்கார்ந்தார். மேஸ்திரிக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில், திருப்பத்து வளைவை இன்னும் நன்றாகச் செய்ய நேரம் கிடைத்தது என்று ஒரு சின்னத் திருப்தியும் ஓடியது.

பழுதுபார்ப்பில் மிஞ்சிய எவர்சில்வர் குழாய்கள் கிடங்கில் கிடந்தன. அதிகாரியிடம் கேட்டார். "எடுத்துக்கய்யா, வேற என்னத்துக்கு ஆகப்போகுது" என்று விட்டார் அவர். அன்றிலிருந்து சாக்பீஸ் கோடு குழாயாக மாறத் தொடங்கியது. மேஸ்திரி வளைத்தார், பற்றவைத்தார். கரண்டு தேய்த்தான். சமையல்காரர் மாவு சலிக்கிற துணியால் மெருகேற்றினார். சுருள் மட்டும் நாலைந்து தடவை வீணாகி, கடைசியில் ஒன்று அமைந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக் கப்பலின் மறுகோடியிலிருந்து ஆள் வந்தார்கள்.

போனில் மனைவியின் பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. சில வாரம் மச்சான் எடுத்தான். "அக்கா கடைக்குப் போயிருக்கு மாமா." சில வாரம் பாப்பா. "அம்மா குளிக்கிறாங்கப்பா." அவளே எடுத்த நாளில் குரல் படுத்துக்கொண்டு பேசுவது போல வந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல, அசதி."

"சுருள் வந்துடுச்சு, தெரியுமா? நீ பாத்தா அசந்துடுவ."

"ம்."

"குழாயைத் தட்டினா மணி மாதிரி கேக்குது."

"சரிங்க. வெச்சிடவா?"

எஞ்சின் ஒலியில் ஒரு நூலளவு மாற்றம் வந்தாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகிற காது அது. இது அந்தக் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது குழாய்களைப் பழைய கம்பளியில் சுற்றித் தோளில் வைத்திருந்தார். கதவைத் திறந்தவன் மச்சான். வழக்கமாக, "வாங்க மாமா" என்று பையைப் பிடுங்குகிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு விலகி நின்றான்.

முன்னறையில் கட்டில் போடப்பட்டிருந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான்கு கால் ஊன்றுகோல். தலையைச் சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"இடுப்பெலும்பு மாமா" என்றான் மச்சான் பின்னாலிருந்து. "ஆபரேஷன் பண்ணித் தகடு வெச்சிருக்காங்க. இதுக்கு மேல தேறாதுன்னு சொல்லிட்டாங்க."

அவர் தோளிலிருந்த சுமையை இறக்காமலே வீட்டுக்குள் நடந்து, சமையலறை தாண்டி, கொல்லைக்குப் போனார். படிக்கட்டின் அடியில், அவர் மாட்டாமல் விட்டுப்போன ஜன்னல் சட்டம் குறுக்கே நிறுத்தப்பட்டு, துணி காயப்போடும் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு சின்னக் கையின் முடிச்சு. முடிச்சின் மேல் முடிச்சாக ஏழெட்டு போட்டிருந்தது.

"பாப்பா கட்டினா" என்றான் மச்சான். "அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்போ. யாரும் சொல்லல, அவளே கட்டிட்டா."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"அக்காதான் வேணாம்னா."

கம்பளிச் சுருட்டை அங்கேயே தரையில் வைத்தார். உள்ளே போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்றார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கப்பலைத் திருப்பியிருப்பீங்களா?" என்றாள். கோபமே இல்லாத குரல். "என்ன பண்ணியிருப்பீங்க? இன்னும் நல்லா ப்ளான் போட்டிருப்பீங்க."

பிறகு அவளே பேச்சை மாற்றி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் அவளாகச் சொன்னாள். மழைக்கு முன்னால் துணியை எடுத்துவர ஏறியிருக்கிறாள். எந்தக் கைப்பிடி என்று கேட்டுச் சிரித்தார்களே, அந்த நாள் அல்ல. அதற்கு மூன்று வாரம் கழித்து. இறங்கும்போது தூறல் விழுந்துவிட்டது. ஒரு கையில் துணி மூட்டை. திருப்பத்துக்கு மேல் கால் வழுக்கியது.

"சுவர்ப் பக்கம் சாஞ்சிருந்தா உக்காந்திருப்பேன். அவ்வளவுதான், சிராய்ப்போட போயிருக்கும்" என்றாள். "ஆனா கை இந்தப் பக்கம் போச்சு. தானா போச்சுங்க. நீங்க சொல்லிச் சொல்லி எனக்கும் அங்க கம்பி இருக்கிற மாதிரியே ஆயிடுச்சு. சில்லுனு இருக்கும்னு நெனைச்சேன். அதுகூட ஞாபகம் இருக்கு."

விழுந்தது ஜல்லிக் குவியலின் மேல்.

வீட்டில் இல்லாத ஒன்றை அவர் இருப்பதாக நினைத்தது மட்டும் என்றால் அது அவரோடு போயிருக்கும். அவர் அதைக் கடலுக்கு அப்பாலிருந்து அவள் கைக்குள்ளேயும் கட்டிவிட்டிருந்தார். அலமாரி உயரம் கேட்டுக் கேட்டு, அன்பு என்று நினைத்துச் செய்த வேலை. அன்பு இல்லை என்று இப்போதும் சொல்ல முடியுமா? முடியவில்லை. அதனால்தான் அதைத் தூக்கி எறியவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் அந்த விடுமுறையில் பல நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆரம்பிக்காதீங்க இந்தத் தடவை" என்று அவள் சொல்லியிருந்தாள். ஆரம்பிக்கவில்லை. வீட்டைப் பார்த்தார். அவர் வரைந்த வீட்டில் இல்லாதவை எல்லாம் கண்ணில் பட்டன. அவள் குளியலறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஊன்றுகோல் சமையலறை வாசலில் நுழையாது. பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஈரத் தரையில் அது வழுக்கும். அதனால் பாப்பா தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். பாப்பா பள்ளிக்குப் போய்விட்டால், வருகிற வரைக்கும் அவள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தாள். இது தெரிந்த அன்று அவர் கொல்லைக்குப் போய்க் கம்பளியைப் பிரித்தார்.

"நான்தான் சொன்னேனே" என்றாள் அவள், கட்டிலிலிருந்து.

"படிக்கு இல்ல. உனக்கு."

குழாய் படியின் சரிவுக்குச் செய்தது. அதோடு பற்றவைத்திருந்த தூண்களை அறுத்தெடுத்து, துண்டு போட்டுச் சுவரில் மாட்டும் தாங்கிகளாக்க வேண்டும். கப்பலில் இருந்த எந்தக் கருவியும் கையில் இல்லை. தெருமுனைக்குப் போனார்.

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "வாங்க கப்பல்காரரே. வழி தெரிஞ்சுதா?"

"அறுக்கிற மெஷின் கொஞ்சம் வேணும்."

"மெஷின் மட்டும்தானா? நான் வேணாமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு டேப்போட வந்தேன் சார். அக்கா வாசல்லயே நின்னு, அவரு வேணாங்கறாருன்னுட்டாங்க. நான் கொஞ்சம் அடமா உள்ள போயிருக்கணும்" என்றார்.

அது சமாதானமா குத்தலா என்று மேஸ்திரிக்குப் புரியவில்லை. "நீங்களும் வாங்க" என்றார்.

அளவு எடுக்க அவளையே எழுப்பி நிறுத்தினார். மனப்பாடமாக இருந்த அவள் உயரம் இப்போது உதவவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள். கை போய் நிற்கிற இடத்தில் எல்லாம் சுவரில் புள்ளி வைத்தார். சுருளைக் கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் பொருத்தினார்கள். அங்கிருந்து முன்னறைச் சுவர், சமையலறை, பாதி முடிந்த மேடையின் ஓரம். குளியலறைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது குழாய் தீர்ந்துவிட்டது. கப்பல் மறுபடி கூப்பிட்டதும் அந்த வாரம்தான்.

"மிச்சம்?" என்றாள்.

அடுத்த லீவுல என்று நாக்கு நுனி வரை வந்ததை அவர் விழுங்கினார். வெல்டரைப் பார்த்து, "உங்ககிட்ட எந்தக் குழாய் இருக்கோ அதைப் போட்டு முடிச்சிடுங்க" என்றார். அதுவரைக்கும் குழாய் முடியும் இடத்திலிருந்து குளியலறைக் கதவு வரை கப்பல் கயிறு ஒன்றைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கப்பலில் சமையல்காரர் முதல் நாளே பிடித்துக்கொண்டார். "எப்படி மேஸ்திரி, சுருளைப் பாத்து அண்ணி என்ன சொன்னாங்க?"

மேஸ்திரி சொன்னார். நடந்ததை நடந்தபடி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல். யாரும் தட்டிலிருந்து நிமிரவில்லை. சாவி கொடுக்கவில்லை என்று கேலி செய்த கரண்டு எழுந்து வெளியே போய்விட்டான்.

அதன்பிறகு பட்டறை மேசை துடைத்தபடியே கிடந்தது. சாக்பீஸை எடுத்தால் கை நிற்கும். ஒருநாள் வரைந்தார், இருப்பதை மட்டும். தகரம் சாத்திய சுவர், கதவில்லாத அலமாரி, அடைத்த படி, சுவரோரம் ஒரு கோடு. கோடு பாதியில் நின்றது.

"என்ன மேஸ்திரி, முடிக்கலையா?" என்று கேட்டார் சமையல்காரர்.

"இவ்வளவுதான் இருக்கு."

பொழுது போகவில்லை. முன்பெல்லாம் ஒரு ஜன்னலை நகர்த்தினால் ஒரு வாரம் நகர்ந்துவிடும். இப்போது ஒவ்வொரு நாளையும் கையால் தள்ள வேண்டியிருந்தது. தன் முறை வரும்போது வெல்டருக்கும் ஒரு போன் போட்டார். "நாளைக்கு வந்துடறேன் சார்" என்பார் வெல்டர். அடுத்த வாரமும், "நாளைக்கு சார், கண்டிப்பா." தன் குரலையே கேட்பது போல இருந்தது. திட்ட வாய் வரவில்லை.

மனைவியிடம் இப்போது கேட்பதெல்லாம் ஒன்றுதான். "இன்னைக்கு எது வரைக்கும் நடந்த?"

"குழாய் முடியற வரைக்கும்."

"அப்புறம்?"

"கயிறு ஆடுது. பாப்பா தோள்தான்."

வரிசையில் நின்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஒரு வாரம் பாப்பா போனை எடுத்தாள். "அப்பா, வெக்காதீங்க, அம்மா எதையோ கேக்கச் சொல்றாங்க." எதுவும் பேச்சில்லை. முதலில் செருப்பு இழுபடும் ஓசை. பிறகு வளையல் குழாயில் இடிக்கிற ஓசை. மணி மாதிரி, அவர் சொன்னபடியே. ஒன்று. நின்று, மூச்சு வாங்கி, இன்னொன்று. சமையலறைக்குள் வந்ததும் கொஞ்சம் எதிரொலித்தது. அவர் கண்ணை மூடவில்லை; கூண்டின் இரும்புச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடையின் ஓரம் தாண்டி, எவர்சில்வர் முடிகிற இடம் அவருக்குத் தெரியும். அங்கே நின்றது. வெகுநேரம் நின்றது.

அடுத்த ஓசை வேறு மாதிரி வந்தது. மந்தமான, கனத்த ஓசை. பழைய தண்ணீர்க் குழாய், உள்ளே துரு, மேலே தடிப்பாக அடித்த பெயிண்ட். பற்றவைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. வளையல் அதில் இடித்துக்கொண்டு மெதுவாகப் போனது. கடைசியில் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம்.

பாப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "கேட்டுச்சாப்பா? நான் பிடிக்கவே இல்ல" என்றாள்.

"கேட்டுச்சு" என்றார்.

இணைப்பு அறுந்தது. பின்னால் நின்றவனுக்கு வழிவிட்டு வெளியே வந்தார். தளத்தில் ஒரு கம்பி கழற்றியிருந்தது, கயிறு கட்டியிருந்தார்கள். பழக்கத்தில் அதை இழுத்துப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். சாக்பீஸை எடுத்து, பாதியில் நின்ற கோட்டை நீட்டிக் குளியலறை வரை கொண்டுபோனார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாமல், இன்னும் பல மாதம் இருந்த அந்தக் கடலின் நடுவில், மேசையின் முன் நின்றுகொண்டிருந்தார்.